வில்லெடுத்த வாலிபன்

வாழவந்திக்குப் போயிருந்தோம். ஏற்காடு வருவோர் ஏரியைக் காண்பர், படகேறுவர், பலா வாங்கித் திரும்புவர். வாழவந்தி எந்தப் பக்கமென்று கேட்பார் இல்லை! சாமையும் கேழ்வரகும் விளைத்து மலையாளிப் பழங்குடியினர் வாழ்ந்த சேர்வராயன் மலையிலே, 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை காப்பிச் செடி நட்டார். செடி வளர்ந்தது, தோட்டம் பெருகியது, துரைமார் பங்களாக்கள் எழுந்தன. மலைமக்களிலே பலர் கூலிகளாயினர். தோட்டத்து வேலியருகே நின்றபோது, பிர்சா முண்டா நம் நினைவிலே வந்து நின்றான்.

சோட்டா நாகபுரி மலைக்காட்டில், உலிஹாத்து எனும் சிற்றூரில், 1875 நவம்பர் 15இல் பிறந்தவன். ஆடு மேய்த்தான், குழல் ஊதினான். சாய்பாசாவில் பாதிரிமார் பள்ளியிலே படித்தான். பிறகு அவர்களை விட்டு விலகினான்.

காட்டை வெட்டித் திருத்திய குடும்பங்களுக்கே நிலம் பொது உடைமை. இது முண்டாக்களின் பழைய முறை. குந்த்கட்டி என்பர். வந்தான் ஜமீன்தார், வந்தான் வட்டிக்காரன், பின்னாலேயே வந்தது வெள்ளையன் கோர்ட்டு! நிலம் போயிற்று. 1878ஆம் ஆண்டு வனச் சட்டம் வந்ததும், பிறந்த காட்டிலே சுள்ளி பொறுக்கினாலும் குற்றமாகும் காலம் பிறந்தது. கூலியில்லாத வெட்டிவேலை வேறு!

இருபது வயது நிரம்பாத வாலிபன் பேசத் தொடங்கினான். குடியை விடு, பலியை நிறுத்து, நிலத்தை மீட்டெடு என்றான். தெய்வமென்றே மக்கள் கொண்டாடினர். துப்பாக்கிக் குண்டு தண்ணீராகிவிடும் என்றும் நம்பினர். பகுத்தறிவு பேசும் நமக்கு அது உவப்பில்லைதான். ஆனால் பட்டினி கிடந்தவன் வேறெதைப் பற்றிக்கொள்வான்? அதே காலத்தில் அமெரிக்காவின் சூ இனத்தாரும் பேயாட்டம் ஆடி, குண்டு துளைக்காத சட்டை அணிந்தார்கள். 1868 உடன்படிக்கையில் அவர்களுக்கென்று எழுதித் தந்த கருங்குன்றை, தங்கம் கிடைத்ததும் பறித்துக்கொண்டது வெள்ளை அரசு. தலைவர் சிட்டிங் புல் 1890 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிர்சாவுக்கு 1895இல் இரண்டாண்டுச் சிறை. வெளியே வந்தான், ஊர் ஊராக, இரவு இரவாகக் கூட்டம் கூட்டினான். 1899 டிசம்பர் 24இல் அம்புகள் பறந்தன. அதுவே உல்குலான், பெருங்கிளர்ச்சி. 1900 ஜனவரி 9இல் டோம்பாரிக் குன்றில் திரண்டிருந்தோரைப் பட்டாளம் சுட்டது. குண்டு தண்ணீராகவில்லை. பெண்களும் விழுந்தனர்.

அவன் தலைக்கு 500 ரூபாய் விலை. பிப்ரவரியில் பிடிபட்டான். ஜூன் 9, ராஞ்சி சிறை. காலரா என்றது சர்க்கார். நஞ்சு என்றனர் முண்டாக்கள். வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை!

செத்தவனுக்குப் பயந்தார்கள் போலும். 1908இல் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடி நிலம் பிறர் கைக்குப் போகத் தடை. குந்த்கட்டிக்கு ஏட்டிலே இடம்.

இதையெல்லாம் வாழவந்திப் பெரியவர் ஒருவரிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டே இருந்தவர், அந்தச் சட்டம் இந்த மலைக்கும் உண்டா என்றார். அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையிலே ஜார்க்கண்ட் உண்டு. தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை. இல்லை ஐயா என்றோம். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.