விளக்கேந்திய மங்கையின் நோய்ப்படுக்கை

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. நான்காம் கூறாகிய பேணுதலுக்கு உலகமெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பெயர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கையில் விளக்குடன் போர்க்கால மருத்துவமனையில் நடந்து செல்லும் அவரது உருவம் பாடநூல்களின் வழியே பலர் நெஞ்சில் பதிந்துள்ளது. ஆயின் அவ்விளக்கை ஏந்தி அவர் நடந்த காலம் இரண்டாண்டுகளுக்கும் குறைவே. அதன்பின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அவர் வாழ்ந்தது முதற்கூறாகிய நோயாளியின் இடத்தில். அந்நோய் இன்னதென்று அவர் காலத்து மருத்துவர் எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

இளமை

1820ஆம் ஆண்டு மே திங்கள் 12ஆம் நாள், இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் செல்வமிக்க ஆங்கிலக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே மகளுக்குச் சூட்டப்பட்டது. தந்தையாரே ஆசிரியராக அமர்ந்து கிரேக்கம், இலத்தீன், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைக் கற்பித்தார். கணக்கிலும் புள்ளிவிவரத்திலும் அம்மையாருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. நோயாளர்க்குத் தொண்டு செய்யும் விருப்பத்தை அவர் வெளியிட்டபோது தாயாரும் தமக்கையாரும் கடுமையாக எதிர்த்தனர். உயர்குடிப் பெண்ணுக்கு அது தகாத தொழில் என்று கருதப்பட்ட காலம் அது. ஆண்டுகள் பல போராடி, 1851இல் செருமனியின் கைசர்சுவெர்த் நகரில் பயிற்சி பெற்றார்.

1854இல் கிரிமியப் போர் மூண்டிருந்த வேளையில், போர்த்துறைச் செயலராக இருந்த நண்பர் சிட்னி எர்பர்ட் அவரை அழைத்தார். செவிலியர் முப்பத்தெண்மருடன் அவ்வாண்டு நவம்பர் திங்களில் துருக்கியின் ஸ்கூட்டாரியை அடைந்தார். அங்கே வீரர்களைப் புண்களைவிட நோய்களே மிகுதியாகக் கொன்றன. வாந்திபேதியும் சீதபேதியும் நச்சுக்காய்ச்சலும் மருத்துவமனையையே இடுகாடாக்கிக் கொண்டிருந்தன.

கிரிமியக் காய்ச்சல்

1855ஆம் ஆண்டு மே திங்களில் போர்முனை மருத்துவமனைகளைப் பார்வையிட அவர் பாலக்ளாவா சென்றார். சென்ற சில நாட்களில் கடுங்காய்ச்சல் கண்டது. நினைவு தடுமாறி, உயிர் தங்குமோ என்று பலரும் அஞ்சும் நிலையை அடைந்தார். கிரிமியக் காய்ச்சல் என்று பொதுவாகப் பெயரிட்டனர். பல நாட்களுக்குப் பின் காய்ச்சல் தணிந்தது. ஆயின் முழு நலம் திரும்பவில்லை. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி, காதுவலி, உறக்கமின்மை என ஒன்று போக ஒன்று வந்தது. போர் முடியும்வரை அவர் பணியை விடவில்லை.

1856ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில், வரவேற்பு ஆரவாரங்களைத் தவிர்க்க மாற்றுப்பெயர் பூண்டு, ஓசையின்றித் தாயகம் திரும்பினார். உடல் மெலிந்திருந்தது. ஓய்வு கொள்ளாமல், படைவீரர் உடல்நலம் பற்றி ஆராயும் அரச ஆணையத்தின் பணியில் மூழ்கினார். ஓராண்டு கழிந்து 1857 ஆகஸ்டில் நிலைகுலைந்து வீழ்ந்தார்.

பெயரற்ற பிணி

அன்று தொடங்கிய நோய்க்கு ஒரே முகம் இருந்ததில்லை. திடீரென நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது. உணவைக் கண்டாலே குமட்டல் எடுத்தது. தலைவலியும் உறக்கமின்மையும் வாட்டின. சில நாள் எழுந்து அமர முடிந்தது. சில நாள் ஒருவரோடு அரை மணி நேரம் உரையாடினாலும் மயக்கம் வந்தது. மனத்தை ஆழ்ந்த சோர்வு கவ்வியது. 1861ஆம் ஆண்டின் இறுதியில் முதுகெலும்பில் தாங்கொணா வலி தோன்றியது. அதன்பின் சில ஆண்டுகள் அவரால் நடக்க இயலவில்லை. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பிறர் தூக்கியே சென்றனர்.

மருத்துவர்கள் இதயக்கோளாறு என்றனர், நரம்புத் தளர்ச்சி என்றனர், மிகையான உழைப்பின் விளைவு என்றனர். ஓய்வையும் நீர்ச்சிகிச்சையையும் பரிந்துரைத்தனர். எதுவும் நிலையான பயன் தரவில்லை. 1857இல் தம் இறுதி அண்மையில் உள்ளது என்றே அம்மையார் நம்பினார். தம் மறைவுக்குப்பின் செய்ய வேண்டுவன குறித்து நண்பருக்கு எழுதியும் வைத்தார். அதன்பின் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் உயிர் வாழ்வோம் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

படுக்கையே பணிமனை

நலம் பெற்றபின் பணி செய்யலாம் என்று காத்திருந்தால் பணியே நடவாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். எனவே நோயின் எல்லைக்குள்ளேயே வாழ்க்கையை வகுத்துக்கொண்டார். பார்வையாளர் ஒரு வேளைக்கு ஒருவரே. அவரும் முன்னரே இசைவு பெற்றாக வேண்டும். விருந்துகளும் பொதுக்கூட்டங்களும் அறவே விலக்கப்பட்டன. எஞ்சிய வலிமை முழுவதும் எழுதுகோலுக்கே சென்றது.

அப்படுக்கையிலிருந்து வந்தவை வியப்பூட்டுவன. போர்க்கால இறப்புகளின் காரணங்களை வண்ண வரைபடங்களாகத் தீட்டி, 1858இல் அரசின் முன் வைத்தார். அவ்வாண்டே புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதற்பெண் உறுப்பினராக ஏற்றது. செவிலியம் பற்றிய புகழ்பெற்ற குறிப்புநூல் 1859இல் எழுதப்பட்டது. நோயாளியின் அருகே கிசுகிசுப்பது, திடுக்கிடும் ஓசை எழுப்புவது, எல்லாம் சரியாகிவிடும் என்று பொருளற்ற ஆறுதல் கூறுவது, ஆளுக்கொரு மருந்து சொல்வது ஆகியவை எத்துணைத் துன்பம் தருவன என்று அந்நூல் விரித்துரைக்கிறது. நெடுநாள் நோயாளிக்குச் சிறு வளர்ப்பு உயிர் நல்ல துணை என்கிறது. கட்டிலருகே நிற்பவரின் அறிவோடு, கட்டிலில் கிடப்பவரின் பட்டறிவும் அந்நூலில் கலந்திருக்கிறது. அம்மையாரின் அறையிலும் பூனைகள் பல உலவின.

1860இல் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப்பள்ளி தொடங்கப்பட்டது. அதனை அவர் மடல்கள் வாயிலாகவே வழிநடத்தினார். இந்தியா அவர் கண்ணால் காணாத நாடு. எனினும் இந்தியப் படைநிலையங்களின் நலவாழ்வை ஆராய்ந்த ஆணையத்தின் பெரும்பணி அவர் அறையிலேயே நடந்தது. நிலையந்தோறும் அனுப்பிய வினாப்படிவங்களுக்கு மூட்டை மூட்டையாக விடைகள் வந்து குவிந்தன. ஆண்டுதோறும் வீரர் ஆயிரவருக்கு 69 பேர் மடிகின்றனர் என்பதை 1863ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. தூய நீரும் கழிவுநீர் வடிகாலும் இன்மையே முதன்மைக் காரணம் என்று அவர் வாதிட்டார். மறு ஆண்டில் சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணங்களில் நலவாழ்வு ஆணையங்கள் அமைந்தன. தமிழகத்தார் தாது வருடப் பஞ்சம் என்று நினைவிற் கொண்டுள்ள பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது, பாசனப் பணிகளின் தேவையையும் உழவரின் கடன் துயரையும் 1878இல் இங்கிலாந்து மக்கள் முன் எழுத்தால் எடுத்துரைத்தார்.

ஐயமும் கடுமையும்

இத்துணை உழைத்தவர் உண்மையில் நோயாளிதானா என்ற ஐயம் அன்றே எழுந்தது. வேண்டாதவரைத் தவிர்க்கவும் குடும்பத்தாரின் பிடியிலிருந்து விலகவும் நோயை ஒரு கேடயமாகக் கொண்டார் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் எழுதினர். 1974இல் மருத்துவ அறிஞர் சார்ச் பிக்கரிங் அதனை மனத்திலிருந்து பிறந்த நோயென்றே கணித்தார். கண்ணுக்குத் தெரியும் புண் இருந்தால் உலகம் இரங்குகிறது. புண் தெரியாவிடின் நோயாளியின் நேர்மையைச் சோதிக்கத் தொடங்குகிறது. அம்மையாரின் புகழும் அவரை அச்சோதனையிலிருந்து காக்கவில்லை.

மற்றொன்றையும் மறைத்தல் தகாது. நோயால் நொந்த அவர் பிறர் நோயைப் புரிந்துகொள்ள எப்போதும் முன்வந்தாரல்லர். சிட்னி எர்பர்ட் சிறுநீரக நோயால் நலிந்து, இனி இயலாது என்று கூறியபோது, அவர்மீது சினந்தார். சீர்திருத்தப்பணி பாதியில் நிற்பதையே பெரிதாக எண்ணினார். 1861 ஆகஸ்டில் எர்பர்ட் மறைந்தார். அதன்பின் அம்மையார் கொண்ட துயரம் ஆறாத்துயரம். தம் வேதனையைப் பிறர் நம்பவில்லையே என்று வருந்துபவரும் பிறர் வேதனையை நம்பத் தவறக்கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகிறது.

பிற்காலம்

1880களில் நோயின் கடுமை மெல்லத் தணிந்தது. 1882இல் எகிப்துப் போரிலிருந்து மீண்ட வீரரைக் காண இரயில் நிலையம்வரை செல்லும் அளவுக்குத் தேறினார். முதுமையில் முகமும் உள்ளமும் கனிந்தன. பின்னர்க் கண்ணொளி மங்கி மறைந்தது. 1907இல் பிரித்தானியப் பேரரசின் உயரிய சிறப்புவிருது, பெண்களுள் முதல்வராக அவருக்கு வழங்கப்பட்டது. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்கள் 13ஆம் நாள், தொண்ணூறாம் அகவையில் உறக்கத்தில் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யும் பெருமையைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஈஸ்ட் வெல்லோ சிற்றூரின் கல்லறையில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டுகளுமே பொறிக்கப்பட்டன.

1887இல் டேவிட் புரூஸ் என்னும் படைமருத்துவர், மால்ட்டாக் காய்ச்சலை விளைவிக்கும் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அது காய்ச்சாத ஆட்டுப்பால் வழியே பரவுகிறது என்பதை 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட் மெய்ப்பித்தார். அப்போது அம்மையார் உயிருடன் இருந்தார். அந்நோயையும் அவர் நோயையும் இணைத்துப் பார்த்தவர் எவருமில்லை. 1995இல்தான் டி. ஏ. பி. யங் என்னும் ஆய்வாளர், அம்மையாரின் கிரிமியக் காய்ச்சலும் பின்வந்த நெடுநோயும் இந்தப் புரூசெல்லா நோயின் நாட்பட்ட வடிவத்தோடு பொருந்துவதை மருத்துவ இதழ் ஒன்றில் விளக்கினார். முதுகுவலி, படபடப்பு, குமட்டல், மனச்சோர்வு ஆகிய யாவும் அந்நோயில் அடங்குவன. அது வலுவான கருத்தே ஆயினும், இனிச் சோதித்து உறுதி செய்ய வழியில்லை.

அந்தப் பெயர் அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்தது. பெயர் வருமுன்னரும் வலி வலியாகவே இருந்தது. சான்று காட்ட இயலாத அவ்வலியோடு நாள்தோறும் உடன்படிக்கை செய்துகொண்டு, கிடைத்த நேரத்தில் அவர் எழுதினார். போர்க்களத்தில் ஏந்திய விளக்கைவிட நீண்ட நேரம் எரிந்தது அக்கட்டிலருகே இருந்த விளக்கேயாகும்.