142 அடி ஆழத்தில் ஒரு மூச்சு: ஜாக் கூஸ்தோவின் வாழ்க்கை சொல்லும் ரெகுலேட்டர் பாடம்

நீங்கள் தேனி மாவட்டத்துக்காரர் என்றால், 142 என்ற எண்ணை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. முல்லைப் பெரியாறு அணையில் தேக்கிக்கொள்ள 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த உயரம் அது. கூடலூர் தொடங்கி வீரபாண்டி வரை நாற்று நடுவதா, காத்திருப்பதா என்று முடிவு பண்ணுவது அணையின் அந்த அடிக் கணக்குதான்.

அதே 142 அடியை ஒரு ஸ்கூபா டைவரிடம் ஆழமாகச் சொல்லிப் பாருங்க, முகம் கொஞ்சம் சீரியஸாகிவிடும். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர், அதாவது சுமார் 130 அடி. அதைத் தாண்டினால் அது டெக்னிக்கல் டைவிங் கணக்கு. குகைக்குள்ளும், உடைந்த கப்பலுக்குள்ளும் வெகுதூரம் நுழைவதும் இந்தக் கணக்கில்தான் வரும். (அணையில் இறங்கிப் பார்க்கச் சொல்லல. ஆழம் மனசுல பதியணும்னுதான் இந்த உதாரணம்.)

அந்த ஆழத்தில் உங்கள் உடம்பைச் சுற்றி இருப்பது, தரையில் இருப்பதைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகமான அழுத்தம். உள்ளே இழுக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் வரணும். குறைந்தால் நெஞ்சு விரியாது. கூடினால் நுரையீரல் தாங்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் சரியான அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பது, வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர்.

அது கைவிட்டால் மேலே வந்துவிடலாமே என்று தோணும். டெக்னிக்கல் டைவிங்கில் அது முடியாது. ரத்தத்தில் கரைந்த வாயு வெளியேற வழியில் நின்று நின்றுதான் வரணும். இல்லையென்றால் தலைக்கு மேல் பாறை இருக்கும். அதனால்தான் எந்த ரெகுலேட்டரை வாங்குவது, எப்படிப் பராமரிப்பது என்பது இவர்களுக்கு உயிர்க் கேள்வி. அந்தக் கேள்விக்கான பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

விமானி ஆக நினைத்தவர்

ஜாக் கூஸ்தோ 1910 ஜூன் 11 அன்று பிரான்ஸின் போர்தோ அருகே பிறந்தவர். 1930-ல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். ஆசை என்னவோ விமானத்தின் மேல்தான். 1936-ல் நடந்த கார் விபத்து அந்தக் கனவை நொறுக்கியது. இரண்டு கைகளும் உடைந்தன. கைகளுக்குப் பலம் வருவதற்காகத் தூலோன் கடற்கரையில் நீந்தத் தொடங்கினார். கடற்படை நண்பர் ஃபிலிப் தையே ஒரு நீச்சல் கண்ணாடியைக் கொடுக்க, அதைப் போட்டுக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டதுதான் தாமதம், வாழ்க்கை திசை மாறிவிட்டது.

உள்ளே பார்க்க முடிந்தது, ஆனால் அங்கே இருக்க முடியவில்லை. நம் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பவர்கள் காலம் காலமாகச் சந்தித்த அதே தடைதான். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினாலும் ஒரு மூச்சு தாங்கும் நேரம்தான் வேலை. அதற்குமேல் மேலே வந்தே ஆகணும்.

கூஸ்தோ ஆக்ஸிஜன் கருவி ஒன்றைப் போட்டுப் பார்த்தார். சுமார் 45 அடியில் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கருவியைத் திருத்திக்கொண்டு மறுபடி முயன்றார். மறுபடியும் அதே கதை. சுத்தமான ஆக்ஸிஜனே ஆழத்தில் விஷமாகும் என்பதைத் தன் உடம்பிலேயே தெரிந்துகொண்டார். இன்றைக்கு டெக்னிக்கல் டைவர்கள் சுத்த ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே வாயில் வைப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் அது எத்தனை மீட்டர் வரைக்கும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுகிறார்கள். அவசரத்தில் தப்பான ரெகுலேட்டர் வாய்க்குப் போனால் அதோடு கதை முடிந்துவிடும்.

கார் வால்வு கடலுக்குப் போனது

1937-ல் கூஸ்தோ சிமோனைத் திருமணம் செய்தார். மாமனார் வேலை பார்த்தது ஏர் லிக்கிட் என்ற வாயு நிறுவனத்தில். அந்த உறவு மூலமாக 1942 டிசம்பரில் பாரிஸில் ஓர் இன்ஜினீயரைச் சந்தித்தார். பெயர் எமில் கான்யான்.

அப்போது ஜெர்மனியின் பிடியில் பிரான்ஸ். பெட்ரோல் கிடைக்காது. கார்களை வேறு வாயுவில் ஓட்ட கான்யான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். இன்ஜின் எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவை மட்டும் கொடுக்கும் வால்வு. கூஸ்தோ கேட்டதும் அதேதான், ஆனால் இன்ஜினுக்குப் பதில் மனிதனுக்கு. தேவைக்கேற்பக் காற்று கொடுக்கும் கருவியை 1860-களிலேயே பிரெஞ்சுக்காரர்கள் செய்திருந்தார்கள். அதை உயர் அழுத்த சிலிண்டரோடு சேர்த்து, முதுகில் மாட்டி மீன்போலத் திரியும்படி செய்தது இந்த ஜோடி.

1943 ஜனவரியில் பாரிஸ் அருகே மார்ன் ஆற்றில் முதல் சோதனை. படுத்த நிலையில் நீந்தினால் அருமையாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் இழுக்கவே முடியவில்லை. ஏமாற்றத்தோடு திரும்பும் வழியிலேயே இருவருக்கும் காரணம் பிடிபட்டது. காற்று வெளியேறும் துவாரமும், காற்றைத் திறந்துவிடும் சவ்வும் வேறு வேறு உயரத்தில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்ததும் பிரச்னை தீர்ந்தது. அந்த ஜூனில் பாந்தோல் கடலில் கூஸ்தோ 60 அடிக்கு இறங்கினார். நம்ம வைகை அணையின் 71 அடியைவிடக் குறைவான ஆழம்தான். ஆனால் தலைகீழாக, பக்கவாட்டில், குட்டிக்கரணம் போட்டு, எப்படித் திரும்பினாலும் மூச்சு வந்துகொண்டே இருந்தது.

குகையும் கயிறும்

1946 ஆகஸ்ட் 27. பிரான்ஸின் வோக்ளூஸ் ஊற்றுக்குகை. ஆண்டுக்கு ஒருமுறை அது ஏன் பொங்குகிறது என்று பார்க்கக் கூஸ்தோவும் நண்பர் ஃப்ரெடெரிக் த்யூமாவும் இறங்கினார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் மோரிஸ் ஃபார்க். ஆழத்தில் இருவருக்கும் தலை சுற்றி, சிந்தனை குழம்பியது. த்யூமா கிட்டத்தட்ட நினைவிழந்தார். கயிற்றில் கொடுத்த சைகைகள் குழம்ப, கடைசியில் நிலைமையை உணர்ந்த ஃபார்க் இழுத்ததால் உயிரோடு வந்தார்கள்.

ரெகுலேட்டரில் கோளாறு இல்லை. சிலிண்டரில் காற்று அடைத்த கம்ப்ரஸர், தன் புகையைத் தானே இழுத்திருந்தது. கார்பன் மோனாக்ஸைடு கலந்த காற்றைத்தான் அவர்கள் சுவாசித்திருக்கிறார்கள். எவ்வளவு நல்ல ரெகுலேட்டரும் சிலிண்டரில் இருப்பதைத்தான் கொடுக்கும்.

அடுத்த ஆண்டு, 1947 செப்டம்பரில், ஆழச் சோதனை ஒன்றில் அதே ஃபார்க் இறங்கினார். கயிற்றில் தொங்கவிட்ட பலகைகளில் தொட்ட ஆழத்தில் கையெழுத்துப் போடணும் என்பது ஏற்பாடு. சுமார் 120 மீட்டரில் இருந்த பலகையில் அவர் கையெழுத்து இருந்தது. கயிற்றில் சைகை நின்றதும் மேலே இழுத்தார்கள். மவுத்பீஸ் வாயை விட்டு விலகித் தொங்கியது. உயிர் திரும்பவில்லை. ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதைதான் காரணம் என்றார்கள். கருவி சரியாக இருந்தும் அதை வாயில் வைத்திருக்கணும் என்ற நினைவு அந்தப் போதையில் போய்விட்டது. கூஸ்தோவைக் காப்பாற்றிய கை அது. சாதாரணக் காற்றோடு போவதற்கு ஓர் எல்லை உண்டு என்று அந்தக் குழு அப்போதுதான் கோடு போட்டது. இன்றைய டெக்னிக்கல் டைவர்கள் ஆழத்துக்கு ஹீலியம் கலந்த வாயுவை எடுத்துச் செல்வதும் இந்தப் போதைக்குப் பயந்துதான்.

புகழும் விலையும்

1950-ல் கலிப்ஸோ கப்பல் கிடைத்தது. பழைய கண்ணிவெடி அகற்றும் கப்பல். ஆண்டுக்கு ஒரு பிராங்க் குத்தகை. அதைத் தயார் செய்ய சிமோன் தன் நகைகளை விற்றதாகச் சொல்வார்கள். 1953-ல் புத்தகம். 1956-ல் அதே பெயரில் வந்த படத்துக்கு கான் விழாவின் உயரிய விருதும் ஆஸ்கரும். அந்தப் படத்திலேயே பவளப்பாறையில் டைனமைட் வெடித்ததும், சுறாக்களைக் கொன்றதும் பதிவாகியிருக்கின்றன. பின்னாளில் அதே மனிதர்தான் கடலில் அணுக்கழிவு கொட்டுவதை எதிர்த்தார். அண்டார்டிகாவைச் சுரங்கத் தொழிலிலிருந்து காக்கவும் குரல் கொடுத்தார். 1979-ல் மகன் ஃபிலிப் விமான விபத்தில் இறந்தார். 1996-ல் சிங்கப்பூரில் கலிப்ஸோ மோதலில் மூழ்கியது. 1997 ஜூன் 25-ல் கூஸ்தோ காலமானார். கான்யான்? கனடாவுக்குக் குடிபெயர்ந்து, அமைதியாகக் கருவிகள் வடிவமைத்துக்கொண்டே இருந்தார். உங்கள் வாயில் இருக்கும் ரெகுலேட்டருக்கு முதல் வடிவம் கொடுத்தவரின் பெயர் இன்றைக்குப் பலருக்கும் தெரியாது.

லோயர் கேம்ப் தண்ணி மாதிரி

ரெகுலேட்டர் எப்படி வேலை செய்கிறது? மலை மேலிருந்து ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு இறங்கும் தண்ணீரை அப்படியே வயலில் திறந்துவிட முடியுமா? வரப்பே இருக்காது. அங்கே வேகத்தை இழந்து, ஆற்றில் சேர்ந்து, வாய்க்காலில் பிரிந்து, கடைசியில் உங்கள் மடைக்கு வரும்போது மண்வெட்டியால் திருப்பும் அளவுக்குச் சாதுவாகிவிடும்.

ரெகுலேட்டரும் இப்படித்தான். சிலிண்டர் தலையில் மாட்டும் முதல் நிலை, 200 பார் அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் அதிகம் என்ற அளவுக்குக் குறைக்கும். வாயில் இருக்கும் இரண்டாம் நிலைதான் உங்கள் மடை. நீங்கள் இழுத்தால் திறக்கும், நிறுத்தினால் மூடும்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

பேலன்ஸ்டு வகை முதல் நிலையை எடுங்க. சிலிண்டரில் காற்று குறைந்தாலும், ஆழம் கூடினாலும் இழுக்கும் சுலபம் மாறாது.

கவ்விப் பிடிக்கும் வகையைவிட, வால்வுக்குள் திருகிப் பொருத்தும் டின் வகை டெக்னிக்கல் டைவிங்குக்குப் பாதுகாப்பு. பாறையில் இடித்தாலும் ஓ-ரிங் பிதுங்கி வெளியேறும் வாய்ப்பு குறைவு.

ஒன்று போதாது. தனித்தனி வால்வில் இரண்டு முழு ரெகுலேட்டர்கள் வேணும். ஒன்று கைவிட்டால் அந்த வால்வை மூடிவிட்டு அடுத்ததில் மூச்சுவிடலாம். வாயில் இருப்பதற்குச் சுமார் 2.1 மீட்டர் நீளக் குழாய் வைப்பது வழக்கம். குறுகிய குகை வழியில் முன்னும் பின்னுமாகப் போகும்போதும் நண்பருக்குக் காற்றைப் பகிரலாம்.

முக்கியமா, உங்கள் ஊரிலிருந்து போய்வரும் தூரத்தில் அந்த மாடலுக்கு உதிரிபாகமும், பயிற்சி பெற்ற மெக்கானிக்கும் இருக்காங்களான்னு கேளுங்க. ஸ்பேர் கிடைக்காத பைக்கை வாங்குவோமா? இதுவும் அப்படித்தான்.

பராமரிப்பு: தினசரிப் பழக்கம்

டைவ் முடிந்ததும் முதல் நிலையின் தூசி மூடியை உலர்த்தி இறுக்கமாகப் போட்டுவிட்டு, நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசுங்க. அப்போது இரண்டாம் நிலையின் பொத்தானை அழுத்தாதீங்க. உப்புத்தண்ணி குழாய் வழியாக உள்ளே போய்விடும். நிழலில் காய வையுங்க. குழாயை மடித்துத் திணிக்க வேண்டாம்.

ஒவ்வொரு டைவுக்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை. சிலிண்டரைத் திறக்காமல், தூசி மூடி போட்ட நிலையில் மவுத்பீஸில் மெதுவாக இழுங்க. காற்று வந்தால் எங்கேயோ கிழிசல் இருக்கு. அடுத்து, சிலிண்டரைத் திறந்து இடைநிலை அழுத்தத்தை மானியில் பாருங்க. முள் ஓரிடத்தில் நிற்கணும். மெல்ல ஏறிக்கொண்டே போனால் முதல் நிலையின் வால்வு இருக்கை தேய்ந்திருக்கு. மவுத்பீஸில் பல்பட்ட கிழிசல் இருக்கா, அதைக் கட்டியிருக்கும் பட்டை இறுக்கமா என்றும் பாருங்க.

40 சதவிகிதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் என்றால், அதற்கெனச் சுத்தம் செய்து, அதற்குரிய ஓ-ரிங்கும் கிரீஸும் போட்ட ரெகுலேட்டர் மட்டும்தான். உயர் அழுத்த ஆக்ஸிஜனில் சாதாரண எண்ணெய்ப் பிசுக்கு தீப்பிடிக்கும்.

சர்வீஸ் இடைவெளி கம்பெனிக்கு கம்பெனி மாறும். கையேட்டில் போட்டிருப்பதைத் தள்ளிப்போடாதீங்க. வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனையாவது வேணும். சர்வீஸ் முடிந்து வந்ததை நேராக ஆழத்துக்குக் கொண்டுபோகாமல், முதலில் ஆழமில்லாத இடத்தில் சோதிங்க.

புதுச்சேரிக்கோ, அந்தமானுக்கோ போய் வாடகை ரெகுலேட்டரோடு 40 அடி மட்டும் இறங்கப் போறீங்களா? அப்பவும் மூணு கேள்வி கேளுங்க. கடைசியா எப்போ சர்வீஸ் ஆச்சு? சிலிண்டர் எங்கே அடைச்சது? ரெண்டாவது ரெகுலேட்டர் வேலை செய்யுதா? பதில் திருப்தியா இல்லன்னா அந்த டைவ் வேண்டாம். கட்டின பணம் போனா போகட்டும், கடல் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.