மலாக்கா கண்ட பிரான்சிஸ் சேவியர்: பணத்துக்கு அடிபணியாத துறவி

புக்கிட் பெருவாங்கில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் வார இறுதியில் மலாக்கா நகருக்குப் போனால், செயின்ட் பால் குன்றில் ஒருமுறையாவது ஏறியிருப்பார்கள். உச்சியில் கூரையில்லாத பழைய தேவாலயம். அதன் முன்னால் வெண்ணிறச் சிலை ஒன்று. அதன் வலக்கை முறிந்திருக்கும். உள்ளே கம்பி வேலியிட்ட வெறுங்குழி ஒன்று. படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அந்தச் சிலை யாருடையது, அந்தக் குழி ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

சிலைக்கு உரியவர் புனித பிரான்சிஸ் சேவியர். தமிழ்நாட்டுக் கடலோர மக்களுக்கு அவர் சவேரியார். கைக்கு எட்டிய பணத்தையும் பதவியையும் ஒதுக்கிவிட்டுக் கடவுளின் பணியைத் தேர்ந்தெடுத்தவர். அந்தத் தேர்வுக்கு வந்த மிகக் கடுமையான சோதனை நம் மலாக்காவில்தான் நடந்தது.

பிரபு வீட்டுப் பிள்ளை

சேவியர் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், இன்றைய ஸ்பெயினின் வடபகுதியான நவார் நாட்டில், சேவியர் கோட்டையில் பிறந்தார். தந்தை அந்நாட்டு அரச சபையின் தலைவர். ஆனால் 1512ஆம் ஆண்டு நவார் பகைவர் கையில் வீழ்ந்தது. 1515இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டே கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடித்துத் தள்ளப்பட்டன. வாழ்ந்து கெட்ட குடும்பத்தின் கடைசிப் பிள்ளை அவர்.

இழந்த பெருமையைப் படிப்பால் மீட்க நினைத்து, 1525இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1530இல் முதுகலைப் பட்டம் பெற்று, அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைக் கற்பிக்கும் ஆசிரியரும் ஆனார். சொந்த ஊர்ப் பக்கமுள்ள பாம்ப்லோனா பேராலயத்தில் நல்ல வருமானம் தரும் பதவி ஒன்று அவர் கண்ணில் இருந்தது. பெயரளவில் அது சமயப் பணிதான். ஆனால் அவர் நாடியது வருமானத்தையும் மதிப்பையும்.

அப்போது அவருடைய விடுதி அறைக்கு ஒரு புதியவர் வந்து சேர்ந்தார். போரில் குண்டடிபட்டுக் கால் ஊனமான முன்னாள் வீரர், வயதில் ஏறக்குறைய 15 ஆண்டு மூத்தவர். பெயர் இக்னேஷியஸ் லொயோலா. தொடக்கத்தில் சேவியர் அவரைக் கேலி செய்தார். இக்னேஷியஸ் கோபப்படவில்லை. சேவியரின் வகுப்புக்கு மாணவர்களைத் தேடித் தந்தார்; கைச்செலவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது உதவினார். எல்லாவற்றையும் சம்பாதித்த பிறகு தன்னையே தொலைத்துவிட்டால் என்ன இலாபம் என்ற இயேசுவின் கேள்வியை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்விக்குச் சேவியரால் பதில் சொல்ல முடியவில்லை. 1534ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், நண்பர்கள் எழுவர் மோன்மார்த்ரே குன்றில் கூடி, ஏழ்மையில் வாழ்வதாக உறுதி பூண்டனர். எழுவரில் ஒருவர் சேவியர். அந்தக் குழுவே பின்னர் இயேசு சபையாக வளர்ந்தது.

முத்துக்குளித்துறையில்

1541ஆம் ஆண்டு, தம் 35ஆவது பிறந்தநாளன்று, லிஸ்பனில் கப்பலேறினார். போப்பாண்டவரின் தூதர் என்ற உயர்ந்த பட்டம் அவரிடம் இருந்தது. அந்த மதிப்புக்கு ஏற்ப வேலையாள் வைத்துக்கொள்ளும்படி அதிகாரிகள் வற்புறுத்தினர். அவர் மறுத்துவிட்டார். தம் துணியைத் தாமே துவைத்தார். 1542ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தார்.

சில மாதங்களில் தூத்துக்குடி, மணப்பாடு முதலிய ஊர்கள் அடங்கிய முத்துக்குளித்துறைக்குச் சென்றார். அங்கே மூச்சடக்கி முத்தெடுத்தவர்கள் பரதவர்கள். இலாபம் பார்த்தவர்கள் பெரும்பாலும் வணிகர்களும் அதிகாரிகளும். சேவியர் செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்.

தம்மை அனுப்பிய மன்னரின் அதிகாரிகள் என்பதற்காகப் போர்த்துகீசியரை அவர் விட்டுவைக்கவில்லை. அவர்களின் பேராசையைக் கண்டித்து மன்னருக்கே கடிதம் எழுதினார். முத்துக்குளித்துறை மக்களிடமிருந்து போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கி, ஊர்களில் சமயம் கற்பித்த உபதேசியார்களின் சம்பளத்துக்கு ஒதுக்கினார்.

1544ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் எழுதிய ஒரு கடிதம் மாணவர்கள் அறிய வேண்டியது. பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய், படிப்பு நிறைய இருந்தும் பிறர்மீது அன்பு இல்லாதவர்களிடம் பைத்தியக்காரனைப் போலக் கத்த வேண்டும் என்று தமக்குப் பலமுறை தோன்றுவதாக அதில் குறிப்பிட்டார். அங்கே பதவிக் கனவோடு படித்தவர்தான் இப்படி எழுதினார்.

ஒரே நாற்காலியில் இரு சகோதரர்கள்

1545ஆம் ஆண்டு செப்டம்பரில் சேவியர் மலாக்கா வந்தார். மிளகு, கிராம்பு, சாதிக்காய், சீனப் பட்டு எல்லாம் கைமாறிய துறைமுகம் இது. இங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பணம் சேர்க்க வந்தவர்கள். அவர் நோயாளிகளைக் கவனித்தார், பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பின் மொலுக்கஸ் தீவுகளுக்குச் சென்று 1547இல் திரும்பியபோது, குன்றின் மேலிருந்த தேவாலயத்தில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். அதுவே அவரது ஜப்பான் பயணத்துக்கு வித்திட்டது.

1549இல் அந்தப் பயணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. அப்போதைய மலாக்கா கோட்டைத் தலைவர் பெட்ரோ ட சில்வா. இவர் வாஸ்கோ ட காமாவின் மகன். 30 பாரம் உயர்ந்த மிளகைச் செலவுக்காக மனமுவந்து தந்தார். சேவியர் பெற்றுக்கொண்டார். பணத்தை அவர் வெறுக்கவில்லை. அது பணிக்கு உதவும் வரை சரி என்பதே அவர் நிலை.

மூன்று ஆண்டுகள் கழித்து, சீனாவுக்குப் போகும் எண்ணத்தோடு மீண்டும் மலாக்கா வந்தார். நண்பரான வணிகர் தியோகோ பெரெய்ரா, கோவா ஆளுநரால் சீனப் பேரரசருக்குத் தூதராக நியமிக்கப்பட்டிருந்தார். தம் செல்வத்தை அந்தப் பயணத்தில் கொட்டியிருந்தார். இப்போது கோட்டையின் அதிகாரம் பெட்ரோவின் சகோதரர் அல்வாரோ ட அத்தாயிட் கையில். சீனப் பயணத்தின் பெருமையும் இலாபமும் பெரெய்ராவுக்குப் போவதை அல்வாரோ பொறுக்கவில்லை. கப்பலின் சுக்கானையே பறிமுதல் செய்துவிட்டார்.

சேவியர் கெஞ்சிப் பார்த்தார். அதுவரை பெரிதாகக் காட்டிக்கொள்ளாத போப்பாண்டவர் தூதர் என்ற அதிகாரத்தையும் வெளியே எடுத்தார். பலனில்லை. அவமதிப்புதான் மிஞ்சியது. கடைசியில் பெரெய்ரா இல்லாமல், அல்வாரோவின் ஆட்களோடு கப்பல் புறப்பட்டது. தம்மால் நண்பருக்கு நேர்ந்த நட்டத்துக்காக வருந்தி மன்னிப்புக் கேட்டு, சிங்கப்பூர் நீரிணையிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதினார் சேவியர்.

தூதுக்குழு இல்லாததால் சீனாவுக்குள் நுழைய வழியில்லை. மிளகைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு இரகசியமாக அழைத்துப்போவதாகச் சொன்ன சீன வணிகர் வரவே இல்லை. சீனக் கரை அருகே சாங்சுவான் தீவில், ஒரு குடிசையில், காய்ச்சலோடு காத்திருந்த சேவியர் 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் காலமானார். வயது 46. அருகில் இருந்தவர் அந்தோணி என்ற சீன இளைஞர்.

வெறுங்குழி சொல்வது

1553ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் அவரது உடல் மலாக்கா வந்தது. நட்டப்பட்ட பெரெய்ரா மரியாதையோடு எதிர்கொண்டார். குன்றின் மேலிருந்த தேவாலயத்தில் அடக்கம் நடந்தது. சில மாதங்களுக்குப் பின் உடல் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நாம் பார்க்கும் வெறுங்குழி அதன் நினைவு. 1614இல் அவரது வலக்கை ரோமுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. 1622இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அல்வாரோவோ 1554இல் பதவி பறிக்கப்பட்டுக் கைதானார்.

அல்வாரோ தண்டிக்கப்பட்டதால்தான் சேவியர் வென்றார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சேவியர் சீனாவுக்குள் கால் வைக்கவே இல்லை. அந்த வகையில் அவர் தோற்றுத்தான் இறந்தார். பணத்தைவிடக் கடவுளைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்ற உறுதியை அவர் வாழ்க்கை தரவில்லை. ஆனால் இரு சகோதரர்கள் ஒரே நாற்காலியில் அமர்ந்து, ஒருவர் மிளகை வாரிக் கொடுத்ததையும் மற்றவர் சுக்கானைப் பறித்ததையும் அது நமக்குக் காட்டுகிறது. இருவர் கையிலும் இருந்தது ஒரே செல்வம், ஒரே அதிகாரம்.

மாணவர்களே, எந்தத் துறையில் சம்பளம் அதிகம் என்று பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், பாரிஸ் விடுதி அறையில் சேவியரைத் தூங்கவிடாத கேள்வியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்தமுறை குன்றேறும்போது, அந்த வெறுங்குழியின் அருகே சற்று நேரம் நில்லுங்கள்.