பாசறைகளை வரைந்த கை

போர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை வாளும் பீரங்கியுமே. ஆயின், வாளேந்திய கைக்கு வழிகாட்டும் மற்றொரு கையும் உண்டு. அது தூரிகை ஏந்திய கை. அத்தகைய கைக்கு உரியவர் பிரெஞ்சு நாட்டின் லூயி அலெக்சாந்தர் பெர்த்தியே.

அவர் 1753 நவம்பர் 20-ஆம் நாள் வெர்சாய் நகரில் பிறந்தார். தந்தையார் படைத்துறையின் நில அளவைப் பொறியாளர். அரசரின் வேட்டைக் காடுகளைப் படமாக்கும் பணியை முன்னின்று நடத்தியவர். மைந்தரும் இளமையிலேயே அக்கலையைக் கற்றுத் தேர்ந்தார்.

அமெரிக்க மக்கள் விடுதலைக்காக ஆங்கிலேயரோடு போரிட்ட காலம் அது. அவர்களுக்குத் துணையாக ரோஷாம்போ தலைமையில் ஏறத்தாழ 5,500 வீரர்களைப் பிரான்சு அனுப்பியது. 1780-இல் பெர்த்தியேயும் கடல் கடந்து அப்படையில் சேர்ந்தார். 1781 ஜூனில் பிராவிடென்சிலிருந்து புறப்பட்ட படை, நியூயார்க் அருகே வாஷிங்டனின் படையோடு கூடி, செப்டம்பரில் யார்க்டவுனை அடைந்தது.

முன்பின் அறியாத நாட்டில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் எங்கே தங்குவது? நீர் கிடைக்குமா? பீரங்கி வண்டிகள் மேடேறுமா? இவற்றை அறியாவிடில் பகைவன் வருமுன்னரே படை சிதைந்துவிடும் அன்றோ? பெர்த்தியேயும் அவர்தம் தோழர்களும் பாசறைகளை ஒவ்வொன்றாக மையாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்தனர். குன்று, ஆறு, சாலை, காடு, வீடு ஆகியவற்றினிடையே எப்பிரிவு எங்கே தங்கியது என்பதையும் காட்டினர். அக்டோபர் 19-இல் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தது. 1782-இல் படை வடக்கே திரும்பியபோதும் அவர்தம் பணி தொடர்ந்தது.

பின்னாளில், 1796 முதல், நெப்போலியனின் எண்ணங்களைத் தெளிவான கட்டளைகளாக்கும் பொறுப்பு இவருடையதாயிற்று. எப்படை, எந்நாள், எவ்வழி செல்வது என வகுத்தவர் இவரே. 1804-இல் மார்ஷல் பட்டம் பெற்றார். 1815 ஜூன் முதல் நாள் பாம்பெர்க் நகரில் சன்னலிலிருந்து விழுந்து மாண்டார். பதினேழு நாட்களுக்குப் பின் வாட்டர்லூவில் நெப்போலியன் வீழ்ந்தான். கட்டளைகளில் நேர்ந்த குழப்பமும் அத்தோல்விக்கு ஒரு காரணம் என்பர் வரலாற்றறிஞர்.

அவன் வென்ற நாடுகள் கைநழுவின. பெர்த்தியே வைத்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட படங்களோ இன்றும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. அப்படை நடந்த வழியை 2009-இல் அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவித்தது. அவ்வழியை இன்று தேடுவோர்க்கும் இப்படங்களே துணை.

நண்பர்களே! நாம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் இடும் கோடு சிறிதாகத் தோன்றலாம். உள்ளதை உள்ளபடி அளந்து இட்ட கோடு, பேரரசுகளையும் கடந்து நிற்கும்.