உலைக்களத்தில் ஒரு வீரர்

வென்றவர் பெயரை மறந்து, தோற்றவர் பெயரை நெஞ்சில் வைத்துப் போற்றுதல் உலகத்தில் அரிது. பிரான்சு நாட்டார் யூஜின் கிறிஸ்தோப் என்பாரை அவ்வாறு போற்றினர்.

1885ஆம் ஆண்டு பாரிசை அடுத்த மலக்கோவ் என்னும் ஊரிற் பிறந்த இவர், இளமையிற் பூட்டுச் செய்யும் தொழில் பயின்றார். பின்பு அதனை விடுத்துத் துவிச்சக்கர வண்டிப் பந்தயத்திற் புகுந்தார். 1910இல், இத்தாலியின் மிலான் நகரிலிருந்து சன் ரேமோ வரை நடந்த பந்தயத்தில், கொட்டும் பனியிற் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியோட்டி வென்றார். அன்று ஓட்டத்தை முடித்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

எனினும், அவர் பெயரை நிலைநிறுத்தியது அவ்வெற்றியன்று. 1913ஆம் ஆண்டு, நாட்டையே சுற்றிவரும் தூர் த பிரான்ஸ் பந்தயத்தில், முதலிடம் கைக்கெட்டும் நிலையில் இருந்தார். பிரனீஸ் மலைத்தொடரில் தூர்மலே கணவாயைக் கடந்து இறங்குகையில், முன்சில்லைத் தாங்கும் இரும்புக் கவர் முறிந்தது. பழுதுற்ற வண்டியை ஓட்டுபவரே திருத்தவேண்டும், பிறர் கை படலாகாது என்பது அந்நாளைய விதி. வண்டியைத் தோளிற் சுமந்துகொண்டு, பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, மலையடியிலுள்ள சென் மாரி த கம்பன் என்னும் ஊரை அடைந்தார். பின்னே வந்தோரெல்லாம் அவரைக் கடந்து சென்றனர்.

அவ்வூர்க் கொல்லர் தம் உலைக்களத்தைத் திறந்துவிட்டார். அவர் வாயால் வழி சொல்லலாம், கையால் உதவலாகாது. நடுவர்கள் அருகில் நின்று கண்காணித்தனர். பூட்டுத்தொழில் பயின்ற கைகள் அன்று பயன்பட்டன. இரும்பைக் காய்ச்சி, அடித்து, பொருத்திக் கவரைச் சீர்செய்தார். ஆனால் இரு கைகளும் இரும்பைப் பற்றியிருக்கத் துருத்தி ஊதுவது எவ்வாறு? சிறுவன் ஒருவன் ஊதினான். அதற்காகப் பத்து நிமிடம் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மூன்றாகக் குறைக்கப்பட்டது. பிறர் துணையின்றி ஓடுவோரே வீரர் என்பது விதி வகுத்தோர் கருத்தாகலாம். ஆயினும், ஏறக்குறைய நான்கு மணி நேரத்தை இழந்துவிட்ட ஒருவர்மீது சில நிமிடங்களைச் சுமத்தியதை நீதி என்று சொல்ல நா எழவில்லை. கிறிஸ்தோப் ஓட்டத்தைக் கைவிட்டாரல்லர், ஏழாவதாக முடித்தார். பிலிப் தீஸ் என்னும் பெல்சியர் வென்றார்.

முதல் உலகப்போர் ஓய்ந்தபின், 1919இல் அப்பந்தயம் மீண்டும் தொடங்கிற்று. முதலிடத்தில் உள்ளவரை யாவரும் எளிதில் அறியும்பொருட்டு மஞ்சட் சட்டை அணிவிக்கும் வழக்கம் அவ்வாண்டிலேயே புகுத்தப்பட்டது. அதனை முதன்முதல் அணிந்தவர் கிறிஸ்தோப்பே. இருபத்தெட்டு நிமிடம் முன்னின்றார்; எஞ்சியவை இரண்டு கட்டங்களே. மெற்ஸ் நகரிலிருந்து டன்கேர்க் செல்லும் 468 கிலோமீற்றர் நெடுவழியில், வலென்சியன் அருகே, கவர் மீண்டும் முறிந்தது! மறுபடியும் தாமே திருத்தினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. வெற்றி பெர்மின் லம்போவுக்குச் சென்றது. மனம் வருந்திய மக்கள் கிறிஸ்தோப்புக்காகத் திரட்டி அளித்த நிதி, வென்றவர் பெற்ற பரிசினும் மிகுதி.

1922இல், கலிபியே மலைச்சரிவில், மூன்றாம் முறையும் அதே கவர் முறிந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

தூர் த பிரான்ஸை அவர் ஒருமுறையேனும் வென்றாரல்லர். 1970ஆம் ஆண்டு எண்பத்தைந்தாம் வயதிற் காலமானார். அவர் இரும்படித்த ஊரில் அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் நினைவுக்கல் பதிக்கப்பட்டது, அவர் உயிரோடிருந்த 1951ஆம் ஆண்டிலேயே.