செம்பில் அச்சடித்த பால் ஐஸ்லர்

நண்பர்களே, வீட்டில் கெட்டுப்போன செல்போன் சார்ஜர் ஒன்று கிடக்கும், இல்லையா? அதைப் பிரிச்சு உள்ளே இருக்கிற சின்ன போர்டைத் திருப்பிப் பாருங்க. வயர் ஒன்றுகூட இருக்காது, செம்புக் கோடுகள் மட்டும்தான். அந்தக் கோடுகளுக்காகப் பாதி வாழ்க்கையைக் கொடுத்த ஒருத்தரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். நான் இங்கிலீஷ் மீடியம். ஒற்றுப்பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க.

பெயர் பால் ஐஸ்லர். 1907-ல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1930-ல் அங்கேயே இன்ஜினியரிங் முடித்தார். நம்மை மாதிரியே டிகிரியோடு வெளியே வந்தால், வேலை இல்லை. மார்க் குறைவு என்பதால் இல்லை, யூதர் என்பதால். கொஞ்ச நாள் பெல்கிரேடு போய், ரயிலில் ரேடியோ கேட்கும்போது வரும் இரைச்சலை நீக்கும் வேலை பார்த்தார். திரும்பி வந்து ரேடியோ பற்றிய பத்திரிகை வேலையில் இறங்கினார். அங்கேதான் அச்சுத் தொழிலைக் கிட்டே இருந்து பார்த்தார்.

அந்தக் காலத்து ரேடியோவுக்குள்ளே ஒரே வயர்க்காடு. ஒவ்வொரு வயரையும் ஒருத்தர் கையால் வெட்டி, வளைத்து, சால்டர் வைக்கணும். ஒரு இணைப்பு மாறினால் செட் பாடாது. ஐஸ்லருக்குத் தோன்றியது இதுதான்: ஒரே பக்கத்தை ஆயிரம் தடவை பிசகாமல் அச்சடிக்க முடிகிறது என்றால், வயரிங்கை ஏன் அச்சடிக்கக் கூடாது?

இந்த யோசனை வந்த முதல் ஆள் அவர் இல்லை. 1903-லேயே ஜெர்மனியில் ஹான்சன் என்பவரும், 1925-ல் அமெரிக்காவில் டூகாஸ் என்பவரும் இதற்குக் கிட்டே வந்திருக்கிறார்கள். ஐஸ்லர் எடுத்த வழி வேறு. காப்புப் பலகை மேல் செம்புத் தகடு ஒட்டணும். வேண்டிய கோடுகளை அமிலம் அரிக்காத மையால் அச்சடிக்கணும். மீதிச் செம்பைக் கரைத்து எடுக்கணும். இன்றைக்கும் பெரும்பாலான போர்டுகளின் அடிப்படை இதுதான்.

1936-ல் நாஜிகளின் நிழல் நெருங்கவே லண்டனுக்குக் கிளம்பினார். வேலை இல்லை, பணம் இல்லை. ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, அச்சிட்ட சர்க்யூட் வைத்து ஒரு ரேடியோவே செய்துவிட்டார். அதை பிளெஸ்ஸி என்ற பெரிய கம்பெனியிடம் காட்டினால், வேண்டாம் என்றுவிட்டார்கள். வயரிங் வேலையைப் பெண்கள் செய்கிறார்கள், அவர்கள் கூலி இதைவிட மலிவு என்பதுதான் காரணம்.

இதைப் படித்தபோது எனக்கு எங்க ஊர் ஞாபகம் வந்தது. திருவேங்கடத்தில் இருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கண்ணில் படும். கையால் குச்சி அடுக்கியே தேய்ந்துபோன விரல்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். மலிவான கைகள் இருக்கும் இடத்தில் புது மெஷினுக்குக் கதவு சீக்கிரம் திறக்காது. லண்டனிலும் அதே கதைதான்.

அடுத்து போர் வந்தது. நாஜிகளுக்குப் பயந்து ஓடிவந்தவரையே எதிரி நாட்டுக்காரர் என்று பிரிட்டிஷ் அரசு அடைத்து வைத்தது. 1941-ல் வெளியே வந்தவர், கேம்பர்வெல்லில் இருந்த ஹெண்டர்சன் அண்ட் ஸ்பால்டிங் என்ற அச்சகத்தைப் பிடித்தார். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் புரியாதது அச்சுக்காரருக்குப் புரிந்தது! டெக்னோகிராஃப் என்று தனிக் கம்பெனி ஆரம்பித்தார்கள்.

ஃபைனல் இயர் நண்பர்களே, இந்த இடத்தைக் கவனமாகப் படிங்க. அந்த ஒப்பந்தத்தை ஐஸ்லர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வேலையில் இருக்கும்வரை அவர் கண்டுபிடிப்பதன் பேட்டன்ட் உரிமை எல்லாம் கம்பெனிக்கு. அவருக்குக் கிடைப்பது பேருக்கு ஒரு பவுண்டு. கம்பெனியில் 16.5 சதவீதப் பங்கும் கொடுத்தார்கள், அதையும் சொல்லணும். ஆனால் பிடி கையை விட்டுப் போயிருந்தது.

1943-ல் விண்ணப்பித்த பேட்டன்ட், மூன்றாகப் பிரிந்து 1950-ல் கிடைத்தது. அதற்குள் அச்சிட்ட சர்க்யூட்டை அமெரிக்கா பீரங்கிக் குண்டுகளில் வைத்துவிட்டது. விமானத்துக்குப் பக்கத்தில் போனதும் தானே வெடிக்கும் ஃபியூஸ் அது. போர் முடிந்தபின் ரேடியோ, டிவி என்று எல்லாவற்றிலும் போர்டு வந்துவிட்டது. லைசென்ஸ் வாங்கியவர்களோ கொஞ்சம் பேர்தான். 1957-ல் ஐஸ்லர் டெக்னோகிராஃபை விட்டு விலகினார். பென்டிக்ஸ் கம்பெனிக்கு எதிராக டெக்னோகிராஃப் போட்ட வழக்கு 1963-ல் அமெரிக்காவில் தோற்றது.

மனுஷன் மூலையில் உட்காரவில்லை. அதே மெல்லிய தகட்டைச் சூடாக்கி, சுவரைச் சூடாக்கும் தாள், கார்க் கண்ணாடியில் பனி நீக்குவது என்று கடைசிவரை ஏதாவது செய்துகொண்டே இருந்தார். 1992-ல் லண்டனில் இறந்தார்.

போன செமஸ்டர் லீவில் நான் வீட்டில் ஒரு போர்டு போட்டேன். கீகேட்டில் வரைந்து, பளபளப்புத் தாளில் லேசர் பிரின்ட் எடுத்து, அம்மாவின் தேய்ப்புப் பெட்டியால் செம்புத் தகட்டில் ஒட்டி, ஃபெரிக் குளோரைடில் போட்டேன். கோடு எல்லாம் அம்சமாக வந்தது. ஐசியை வைத்துப் பார்த்தால் இடம் வலம் மாறியிருக்கு. பிரின்ட் எடுக்கும்போது தேவையில்லாமல் மிரர் டிக் போட்டிருக்கேன்! கையெழுத்துக்கு முன்னால் ஐஸ்லர் படிக்கவில்லை, பிரின்டுக்கு முன்னால் நான் பார்க்கவில்லை. எனக்குப் போனது ஒரு தகடும் ஒரு சாயங்காலமும்தான்.

எங்க ஊரில் இருந்து கொஞ்ச நேர பஸ் தூரத்தில் சிவகாசி. காலண்டரும் லேபிளும் அடிக்கிற அந்த மெஷின்களைச் சின்ன வயசில் இருந்து பார்க்கிறேன். அதற்கும் என் லேப் மேசைக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஐஸ்லர் வாழ்க்கைதான் சொன்னது.

அடுத்த மினி புராஜெக்டுக்கு டாட் போர்டில் வயர் சுற்றாதீங்க. ஒரு போர்டு நீங்களே போட்டுப் பாருங்க. அப்புறம், ஆஃபர் லெட்டர் வந்தால் பாண்ட் பக்கத்தை முழுசாகப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.