சிதம்பரனாரும் அவர் குடும்பமும்

திருச்செந்தூர் அலைவாய்க் கரையிலிருந்து வடக்கே தூத்துக்குடி வரையில் நீண்டு கிடப்பது முன்னாளில் முத்துக்குளித்த துறை. கொற்கை முத்தைக் கலமேற்றிக் கடல் கடந்து வாணிகம் செய்த அந்நாட்டில், பிற்காலத்தே கப்பல் தொழில் ஆங்கிலேயர் கைப்பட்டது. அதனை மீட்க முற்பட்டவர் வ. உ. சிதம்பரனார். அவர் செக்கிழுத்த செய்தியைப் பலரும் அறிவர். அவர் இல்லத்தார் பட்ட பாட்டை அறிந்தவர் சிலரே.

சிதம்பரனார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மைந்தராய்ப் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், மைந்தரும் அத்தொழிலையே மேற்கொண்டு தூத்துக்குடியில் செல்வாக்கோடு விளங்கினார். முதல் மனைவியார் வள்ளியம்மை மறைந்தபின் மீனாட்சி அம்மையாரை மணந்தார். குறையொன்றும் இல்லாத குடும்பம் அது.

1906-இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள் கொண்டு, 10 இலட்சம் ரூபாய் திரட்டுவது நோக்கம். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடலாயின. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. அரசும் அதன் பக்கமே நின்றது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் இருவரும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

சூலைத் திங்கள் 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஒரு வாழ்நாள் தண்டனை. சிவாவுக்கு இடமளித்து உதவியதற்கு மற்றொரு வாழ்நாள் தண்டனை. விருந்தினரைப் பேணுதல் தமிழர்க்கு அறம். அந்நீதிமன்றத்திலோ அதுவே குற்றமாயிற்று!

தீர்ப்புச் செய்தி கேட்ட அளவிலே தம்பி மீனாட்சிசுந்தரம் மனம் பேதலித்தார். உயர்நீதிமன்றம் பின்னர்த் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. அதனால் தமையனார் மீண்டுவரும் நாள் அணித்தாயிற்று. தம்பியின் அறிவோ மீளவே இல்லை. எந்தக் குற்றமும் சாட்டப்பெறாத அவருக்கே வாழ்நாள் தண்டனை வாய்த்தது. இளம் பிள்ளைகளோடு தனித்து நின்ற மீனாட்சி அம்மையார், உற்றார் உதவியால் நாள் கடத்திக் கணவருக்காக அரசுக்கு விண்ணப்பமும் செய்தார். கணவரோ கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்கு மாறாகச் செக்கிழுத்தார். அந்நிலையிலும் நூல் மொழிபெயர்த்தார் என்பது வியப்பே. கப்பல் கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது.

1912 டிசம்பர் 24-ஆம் நாள் கண்ணூர்ச் சிறையினின்றும் வெளிவந்தபோது ஆரவாரமான வரவேற்பு ஏதும் இல்லை. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் அரிசியும் நெய்யும் விற்றுப் பிழைத்தார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர் அவர் பொருட்டுத் திரட்டிய தொகைக்காகக் காந்தியடிகளோடு பல முறை கடிதம் எழுத நேர்ந்தது. 1916-இல் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. பத்து இலட்சம் திரட்ட எண்ணியவர்க்கு அத்தொகை அன்று எத்துணை வேண்டியிருந்தது!

பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி வழக்கறிஞர் உரிமையை மீட்டளித்தார். அந்நன்றியை மறவாத சிதம்பரனார் தம் மைந்தர் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியைப் பகைத்தவர் ஆங்கிலேயர் அனைவரையும் பகைத்தாரல்லர். வறுமைக்கிடையிலும் திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் ஆராய்ந்து பதிப்பிப்பதில் ஈடுபட்டார். அத்தமிழ்த் தொண்டு தனியே ஒரு பாடமாகத் தக்கது.

இறுதி ஆண்டுகளில் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936 நவம்பர் 18-ஆம் நாள், அவ்வூர்க் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவர் எழுதிவைத்த உயிலில், கடைக்காரர்களுக்குக் கொடுக்கவேண்டிய சில்லறைக் கடன்களும் மறவாது குறிக்கப்பட்டிருந்தன.